சென்னையில் இத்தாலியச் சிறுதட்டு விருந்து: முதன்முறை செல்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிறிய அளவுத் தட்டுகளை நடுவில் வைத்து எல்லோரும் பகிர்ந்து உண்ணும் இத்தாலியச் சிறுதட்டு உணவகத்துக்கு முதன்முறை போய்வந்தவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் இரண்டுதான். பணம் போனது, வயிறு நிறையவில்லை என்பது ஒன்று. எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் வந்து இறங்கியதால் பாதி ஆறிப்போய்விட்டது என்பது மற்றொன்று. இரண்டையும் ஆர்டர் கொடுக்கும் நேரத்திலேயே தவிர்த்துவிடலாம். வழக்கமான உணவகத்தில் சூப், அதன்பின் முக்கிய உணவு, கடைசியில் இனிப்பு என்று ஒரு வரிசை ஏற்கெனவே இருக்கும். நாம் அதற்குள் போய் உட்கார்ந்தால் போதும். சிறுதட்டு உணவகத்தில் அந்த வரிசையைச் சாப்பிட வருபவரே வகுத்துச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் எது முதலில் தயாராகிறதோ அதைச் சமையலறை அனுப்பிக்கொண்டே இருக்கும். எதை, எந்த வரிசையில், எவ்வளவு கேட்பது, நம் வீட்டு உணவுப் பழக்கங்களை முன்னிட்டு எவற்றை விசாரித்துக்கொள்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

எங்கிருந்து வந்த பழக்கம் இது

வெனிஸ் நகரத்தில் பாக்கரோ என்று அழைக்கப்படும் சிறிய ஒயின் கடைகள் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருக்கும் சிக்கெட்டி என்னும் சிறு உணவுகளில் இரண்டொன்றை நின்றபடியே சாப்பிட்டு, சிறிய கோப்பை ஒயினைக் குடித்துவிட்டு அடுத்த கடைக்கு நகர்வது அந்த ஊர்க்காரர்களின் வழக்கம். சுட்ட ரொட்டியின் மேல் தடவிய காட் மீன் விழுது, சிறிய இறைச்சி உருண்டை, நெத்திலி வகை மீன் வைத்த அரை முட்டை போன்றவை அங்கே கிடைக்கும். இத்தாலியர்கள் வீட்டிலோ உணவகத்திலோ உட்கார்ந்து உண்ணும் முழு விருந்துக்கு வேறொரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் ஆன்டிபாஸ்டி எனப்படும் தொடக்க உணவு, அடுத்துப் பாஸ்தா அல்லது அரிசி உணவு, அதற்கடுத்து மீனோ இறைச்சியோ ஒரு காய்கறிப் பக்க உணவோடு, கடைசியில் இனிப்பு.

இன்று நகரங்களில் நடக்கும் சிறுதட்டு உணவகங்கள் இந்த இரண்டையும் கலந்தவை. தொடக்க உணவின் அளவிலேயே எல்லாம் வரும், எல்லாம் மேசையின் நடுவில் வைக்கப்படும், எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே ஆளுக்கொரு தட்டு என்று கணக்குப் போட்டு ஆர்டர் செய்வது இங்கே பொருந்தாது.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதும் முன்பதிவும்

சென்னையில் இத்தாலிய உணவு இரண்டு வகை இடங்களில் கிடைக்கிறது. ஒன்று, தாஜ் கோரமண்டலின் பிரெகோ, கிண்டி ஐடிசி கிராண்ட் சோழாவின் ஒட்டிமோ போன்று நட்சத்திர விடுதிக்குள் இருப்பவை. மற்றொன்று நுங்கம்பாக்கம், ஆழ்வார்பேட்டை, அடையாறு, பெசன்ட் நகர், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பகுதிகளில் தனியாக நடக்கும் உணவகங்கள். உணவின் தரத்தில் ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று சொல்ல மாட்டேன். வேறுபாடு மதுவிலும் வரியிலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மது பரிமாறும் உரிமம் பெரும்பாலும் நட்சத்திர விடுதிகளுக்கும் கிளப்புகளுக்கும் உரியது என்பதால், தனி உணவகங்களில் பொதுவாக ஒயின் கிடைக்காது. கிடைக்கும் இடத்திலும் 21 வயது நிறையாதவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். வரியைப் பற்றிப் பில் வரும் இடத்தில் சொல்கிறேன்.

வெள்ளி, சனி, ஞாயிறு இரவுகளில் முன்பதிவு இல்லாமல் போக வேண்டாம். தொலைபேசியில் பதிவு செய்யும்போது எண்ணிக்கையை மட்டும் சொல்லி வைத்துவிடாமல் மூன்று செய்திகளைச் சேர்த்துச் சொல்வது நல்லது. உங்களில் எத்தனை பேர் சைவம், அவர்களில் முட்டையும் சேர்க்காதவர்கள் உண்டா. யாருக்காவது முந்திரி, பாதாம், கணவாய், இறால் போன்றவை ஒத்துக்கொள்ளாதா. மேசை பெரியதாகக் கிடைக்குமா. கடைசிக் கேள்வி பலருக்கும் தோன்றாது. இரண்டு பேருக்கான சின்ன வட்ட மேசையில் தண்ணீர்க் குவளைகள், சாப்பிடும் தட்டுகள், ரொட்டிக் கூடை போக மேலும் மூன்று தட்டுகளை வைக்க இடமே இருக்காது. அப்படி இடமில்லாமல் போகும்போதுதான் பாதி உண்ட தட்டை அவசரமாக எடுத்துக்கொண்டு போவார்கள்.

உணவுப்பட்டியலைப் படிக்கும் முறை

பட்டியலில் உள்ள பெயர்களை எப்படி உச்சரிப்பது என்ற தயக்கத்திலேயே பலர் தெரிந்த பெயரான மார்கரிட்டா பீட்சாவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். விரலால் காட்டி, "இது என்ன, எத்தனை துண்டு வரும்?" என்று தமிழிலேயே கேளுங்கள். பரிமாறுபவர் வடகிழக்கு மாநிலத்திலிருந்து வந்தவராக இருந்து தமிழ் புரியவில்லை என்றால், மேலாளரை அழைத்துக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம்.

அடிக்கடி தென்படும் பெயர்களை இங்கே சொல்லிவிடுகிறேன். புருஸ்கெட்டா என்பது தணலில் சுட்டுப் பூண்டு தேய்த்து, ஆலிவ் எண்ணெய் விட்ட ரொட்டி. மேலே பெரும்பாலும் தக்காளி இருக்கும். அதையே சிறிய மெல்லிய துண்டுகளில் செய்தால் குரோஸ்டினி. ஃபோகாச்சா, லிகூரியா பகுதியின் பஞ்சு போன்ற தட்டை ரொட்டி. அரஞ்சினி, சிசிலித் தீவின் பொரித்த சோற்று உருண்டை. குங்குமப்பூச் சோற்றுக்குள் சீஸோ இறைச்சியோ வைத்து, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிப்பார்கள். கப்ரேசே, தக்காளியும் மொசரெல்லா என்னும் மென்மையான சீஸும் பேசில் இலையும் அடுக்கியது. பேசில் என்பது நம் திருநீற்றுப் பச்சிலையின் இனம்தான் என்பதால் அந்த மணம் பலருக்கும் அறிமுகமானதாகவே இருக்கும். கபோனாட்டா, கத்தரிக்காயைப் பொரித்து வினிகரும் சர்க்கரையும் சேர்த்துச் செய்யும் புளிப்பினிப்புக் கூட்டு. ஆறிய நிலையில் உண்ண வேண்டியது என்பதால் அதைச் சூடாக்கித் தரச் சொல்லாதீர்கள். பொலெண்டா, மக்காச்சோள மாவுக் களி. சில இடங்களில் அதை ஆறவைத்து வெட்டிப் பொரித்தும் தருவார்கள். கார்பாச்சியோ என்றால் மிக மெல்லியதாகச் சீவிய பச்சை மாட்டிறைச்சி. வெனிஸின் ஹாரிஸ் பாரில் உருவாகி, ஓவியர் விட்டோரே கார்பாச்சியோவின் பெயரைப் பெற்றது. இங்கே பீட்ரூட்டை அதே போலச் சீவி அந்தப் பெயரில் கொடுக்கிறார்கள். எது என்று உறுதி செய்துகொண்டு ஆர்டர் கொடுங்கள்.

பன்றி இறைச்சியும் மாட்டிறைச்சியும் தவிர்ப்பவர்கள் சில பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். புரோஷூட்டோ, பான்செட்டா, குவான்சாலே, மோர்டடெல்லா நான்கும் பன்றியிலிருந்து வருபவை. சலாமியும் பெரும்பாலும் அப்படித்தான். பிரெசோலா மாட்டிறைச்சி. பொலோனீஸ் சாஸ் இத்தாலிய முறையில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் கலந்தது. சென்னையில் கோழியிலோ ஆட்டிறைச்சியிலோ செய்யும் இடங்களும் உண்டு. ஹலால் இறைச்சிதானா என்பதையும் முன்பதிவின்போதே கேட்டுவிடலாம்.

சைவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியவை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்கக் கேட்டுக்கொள்கிறேன். பட்டியலில் பச்சைப் புள்ளி போட்டிருந்தாலும், பரிமாறுபவர் "வெஜ் தான் சார்" என்று நல்லெண்ணத்தோடு சொன்னாலும், இத்தாலியச் சமையலில் கண்ணுக்குத் தெரியாமல் அசைவம் நுழையும் இடங்கள் சில உண்டு. பாட்டியையோ, வாழ்நாள் முழுதும் சைவம் காத்த மாமனாரையோ அழைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது சிறிய விஷயமே இல்லை.

முதலாவது சீஸ். பாலைத் திரிக்க உதவும் ரென்னெட் என்னும் நொதி, மரபான முறையில் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கப்படுவது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ என்ற பெயரோடு விற்கப்படும் சீஸ் கன்று ரென்னெட் கொண்டே செய்யப்பட வேண்டும் என்பது அதன் தயாரிப்பு விதி. குறைந்தது 12 மாதம் முதிரவைக்க வேண்டும் என்பதும் அதே விதிதான். பெக்கொரினோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னெட். ஆகவே இறக்குமதியான அசல் பார்மிஜானோ தூவிய தட்டு கறாரான சைவர்களுக்கு ஏற்றதாகாது. இந்தியாவில் தயாராகும் மொசரெல்லாவும், உள்ளே கிரீம் நிறைந்த புராட்டாவும் பார்மிசான் வகைச் சீஸும் பெரும்பாலும் நுண்ணுயிர் ரென்னெட்டில் செய்யப்பட்டுப் பச்சைப் புள்ளியோடு வருபவை என்பது நமக்கு ஆறுதல். எனவே, "இதில் போடும் பார்மிசான் இறக்குமதியா, உள்நாட்டுத் தயாரிப்பா? பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று சமையலறையில் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்பதே சரியான கேள்வி. "சீஸ் சைவம்தானே?" என்று பொதுவாகக் கேட்டால் ஆம் என்ற பதில்தான் வரும். பாஸ்தாவின் மேல் தூவாமல் விட்டால் போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். பேசில் இலை விழுதான பெஸ்டோவிலும், சாறு ஊற்றி வேகவைக்கும் அரிசி உணவான ரிசோட்டோவிலும், அரஞ்சினியின் சோற்றிலும் அது முன்பே கலந்திருக்கும்; காய்கறிச் சூப்பில்கூடச் சீஸின் தோலைப் போட்டுக் கொதிக்கவிடும் வழக்கம் இத்தாலியில் உண்டு.

அடுத்தது சமைக்கும்போது ஊற்றும் சாறு. ரிசோட்டோ வேகும்போது கரண்டி கரண்டியாக ஊற்றப்படும் சாறு, கோழி எலும்பில் கொதிக்கவைத்ததாக இருக்கலாம். காளான் ரிசோட்டோ என்ற பெயர் அதைக் காட்டிக்கொடுக்காது. அதில் வெள்ளை ஒயின் சேர்ப்பதும் மரபு என்பதால் மது கலவாத உணவு வேண்டுபவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். மூன்றாவதாக, ஆன்சோவி என்னும் நெத்திலி வகை மீன், எண்ணெயில் கரைந்து உருத்தெரியாமல் சில சாஸ்களிலும் சாலட் டிரெஸ்ஸிங்கிலும் இருக்கும். புட்டனெஸ்கா என்ற தக்காளிச் சாஸை எப்போதும் சந்தேகத்தோடு விசாரியுங்கள்.

முட்டை சேர்க்காதவர்கள் பாஸ்தாவின் வகையைக் கேட்க வேண்டும். ஸ்பகெட்டி, பென்னே போன்ற உலர்ந்த பாஸ்தா பொதுவாகக் கோதுமை ரவையும் தண்ணீரும் மட்டுமே. அன்றன்று கையால் செய்ததாகப் பெருமையோடு எழுதியிருக்கும் டாலியடெல்லே, ராவியோலி போன்றவற்றில் முட்டை இருக்கும் வாய்ப்பு அதிகம். உருளைக்கிழங்கில் செய்யும் சிறு உருண்டைகளான நியோக்கியிலும் சில சமையலறைகள் முட்டை சேர்க்கின்றன. இனிப்புகளில் காபியில் நனைத்த பிஸ்கட்டை அடுக்கிய திராமிசு முட்டையோடு செய்யப்படுவது, மதுவும் கலந்திருக்கலாம். கிரீமில் செய்யும் பன்னா கோட்டா, விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் உறைவது. நம் ஊரில் பல இடங்களில் அதற்குப் பதிலாகச் சைனா கிராஸ் என்று நாம் சொல்லும் கடற்பாசியைப் போட்டுச் செய்கிறார்கள், எனினும் கேட்காமல் உண்ண வேண்டாம். வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர்களுக்குக் கப்ரேசே, புராட்டா, வெறும் ஃபோகாச்சா, வெண்ணெயும் சேஜ் இலையும் சேர்த்த பாஸ்தா ஆகியவை எளிதில் கிடைக்கக்கூடியவை.

இவ்வளவையும் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் எல்லோருக்கும் அலுத்துவிடும். உட்கார்ந்ததுமே, "எங்களில் இரண்டு பேர் சுத்த சைவம், முட்டையும் கூடாது, ரென்னெட்டும் ஜெலட்டினும் கூடாது, அவர்களுக்கு எவையெல்லாம் ஆகும் என்று சொல்லுங்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லி, பதிலைச் சமையலறையிலிருந்து வாங்கி வரச் செய்யுங்கள்.

எவ்வளவு, எந்த வரிசையில்

முதல் சுற்றில் பாதிப் பசிக்கு மட்டும் ஆர்டர் கொடுங்கள். இரண்டு பேர் என்றால் மூன்று சிறுதட்டு, நான்கு பேர் என்றால் நான்கு அல்லது ஐந்து. அவற்றில் கடைசித் தட்டு பாதியாகும்போது பட்டியலை மறுபடி வாங்கிப் பாருங்கள்; அப்போது பாஸ்தா ஒன்றோ பீட்சா ஒன்றோ சேர்த்தால் பெரும்பாலும் போதுமானதாக இருக்கும். பசி மிகுந்த நேரத்தில் பட்டியலைப் பார்த்து மொத்தமாக ஆர்டர் கொடுப்பதுதான் பணமும் உணவும் வீணாவதற்குக் காரணம். ஆர்டர் கொடுக்கும்போது, "முதலில் இவை மட்டும் வரட்டும் தம்பி, அடுத்ததைப் பிறகு சொல்கிறோம்" என்று தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ரிசோட்டோ வேண்டுமென்றால் அதை மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம், ஏனெனில் அரிசி வேக மட்டுமே ஏறக்குறைய 20 நிமிடம் ஆகும்.

துண்டுகளின் எண்ணிக்கையைக் கேட்பதும் முக்கியம். நான்கு பேர் உட்கார்ந்திருக்கும் மேசைக்கு மூன்று அரஞ்சினி வந்தால், கடைசித் துண்டை "நீ எடுத்துக்கோ, நீ எடுத்துக்கோ" என்று ஒருவர் பக்கம் ஒருவர் தள்ளிக்கொண்டிருப்போம், அது ஆறிக்கொண்டிருக்கும். கூடுதலாக ஒன்று சேர்த்துத் தர முடியுமா, அதற்கு எவ்வளவு என்று முன்பே கேட்டால் பல சமையலறைகள் செய்து தரும்.

வரிசையைப் பொறுத்தவரை, குளிர்ந்தது முதலில், பொரித்தது அடுத்து, சாஸோடு வெந்தது அதன்பின், பாஸ்தாவும் அரிசியும் கடைசியில் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய சீஸின் சுவை மிக மென்மையானது. பூண்டும் மிளகாயும் நாக்கில் ஏறிய பிறகு அதை உண்டால் வெறும் பால் போலத்தான் தெரியும். ஒரே சுற்றில் சீஸ் மிகுந்தது ஒன்று, பொரித்தது ஒன்று, புளிப்போ கசப்போ உள்ள காய்கறி ஒன்று என்று கலந்து எடுப்பது நல்லது. புராட்டாவும் அரஞ்சினியும் நான்கு சீஸ் பீட்சாவும் ஒன்றாக வந்தால் நான்காவது வாயிலேயே திகட்டிவிடும். மாறாக, கபோனாட்டாவோ வினிகரில் ஊறிய காய்கறியோ நடுவில் இருந்தால் ஒவ்வொரு வாய்க்கும் நாக்கு புதிதாகும். ஃபோகாச்சாவை மட்டும் தொடக்கத்திலிருந்து கடைசிவரை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டில் மிஞ்சும் சாஸையும் எண்ணெயையும் ரொட்டியால் துடைத்து உண்பது இத்தாலிய வீடுகளில் மனநிறைவின் அடையாளம். அதைச் செய்யக் கூச்சப்பட வேண்டாம்.

கடல் உணவு எடுப்பவர்கள் மாதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். அந்த நாட்களில் காசிமேட்டு வரத்து குறைந்துவிடும் என்பதால், கணவாயும் இறாலும் வேறு கரையிலிருந்து வந்தவையாகவோ உறையவைத்தவையாகவோ இருக்கலாம். "இன்று வந்ததா, ஃப்ரோசனா?" என்று கேட்டு, இரண்டாவது என்றால் அன்று காய்கறித் தட்டுகளுக்குப் போய்விடுவதே என் வழக்கம். மற்ற மாதங்களில் பொரித்த கணவாய் வளையங்கள் வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு உடனே உண்ணுங்கள், ஐந்து நிமிடம் கழிந்தால் மேல்மாவு நமுத்து, உள்ளே ரப்பராகிவிடும். இன்னொன்று, மீனும் இறாலும் சேர்ந்த பாஸ்தாவின் மேல் சீஸ் தூவுவதை இத்தாலியர்கள் பெரும்பாலும் விரும்புவதில்லை. கடலின் மெல்லிய உப்புச் சுவையை அது மூடிவிடும் என்பது காரணம், உண்டு பார்த்தால் உண்மை என்று தெரியும்.

தட்டு மேசைக்கு வந்த பிறகு

புராட்டாவை எப்படி உண்பது என்று தெரியாமல் பலர் முட்டையை வெட்டுவது போல நான்காக வெட்டிவிடுகிறார்கள். புலியா மாநிலத்தின் ஆந்திரியா ஊரில் பிறந்த சீஸ் இது. மொசரெல்லாவை மெல்லிய பை போல இழுத்து, அதற்குள் மொசரெல்லா இழைகளையும் கிரீமையும் நிரப்பி முடிந்திருப்பார்கள். தட்டு வந்ததும் ஒரு விரலின் பின்புறத்தால் தட்டின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால் சீஸ் குளிர்பெட்டியிலிருந்து நேராக வந்திருக்கிறது என்று பொருள், ஏழெட்டு நிமிடம் விட்டு வையுங்கள், குளிர் நீங்கினால்தான் உள்ளிருக்கும் கிரீம் இளகி ஓடும். பிறகு கத்தி முனையால் உச்சியில் ஒரு கீறல் மட்டும் போட்டு, இரண்டு கரண்டிகளால் பக்கவாட்டில் மெல்ல விரித்தால், வெள்ளை இழைகளோடு கிரீம் வழிந்து தக்காளிச் சாற்றோடு கலக்கும். முதல் வாயை எதுவும் சேர்க்காமல் உண்டு பாருங்கள். அதன்பின் ஒவ்வொருவருக்கும் தோலில் ஒரு துண்டு, கிரீமில் ஒரு கரண்டி, ஒரு தக்காளி என்று மூன்றும் சேருமாறு பரிமாறுங்கள்; முதலில் எடுப்பவருக்குக் கிரீம் முழுவதும், கடைசியில் எடுப்பவருக்கு வெறும் தோல் என்று ஆகிவிடக் கூடாது. புளித்த வாடை வந்தாலோ தோல் இழுக்க இழுக்கத் தடித்து வந்தாலோ சீஸ் பழையது. பெங்களூரிலும் ஆரோவில்லிலும் நல்ல சீஸ் தயாரிப்பவர்கள் இருக்கும்போது சென்னை உணவகம் பழைய சீஸைக் கொடுக்க நியாயமில்லை. தன்மையாகச் சொல்லித் திருப்பி அனுப்பலாம்.

பங்கிட்டு உண்பது நமக்குப் புதிதில்லை, ஆனால் எச்சில் படுவதை நம் வீடுகளில் பெரும்பாலோர் விரும்புவதில்லை. சிறுதட்டு உணவகத்தில் ஒவ்வொருவரும் தன் முள்கரண்டியை நடுத்தட்டில் விடுவதைப் பார்த்துப் பெரியவர்கள் முகம் சுளித்து, ஒன்றும் சொல்லாமல் குறைவாக உண்டுவிட்டு எழுவார்கள். அதைத் தவிர்ப்பது எளிது. ஆர்டர் கொடுக்கும்போதே ஒவ்வொரு தட்டோடும் தனியாகப் பரிமாறும் கரண்டி ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். தட்டு வந்தவுடன், யாரும் வாய் வைப்பதற்கு முன், ஒருவர் முன்வந்து எல்லோருக்கும் பிரித்து வைத்துவிடுங்கள். அரஞ்சினி போன்றவற்றை அப்போதே பாதியாக வெட்டிவிடலாம். சாஸ் ஒட்டிய தட்டுகளை இடையில் மாற்றித் தரச் சொல்லவும் தயங்க வேண்டாம், நாம் கேட்கக் கூடிய வசதிதான் அது.

கையால் உண்ணலாமா என்றும் கேட்கிறார்கள். புருஸ்கெட்டா, குரோஸ்டினி, ஃபோகாச்சா, பீட்சாத் துண்டு, அரஞ்சினி எல்லாவற்றையும் தாராளமாகக் கையாலேயே உண்ணலாம். ஸ்பகெட்டிக்கு மட்டும் முள்கரண்டி: மூன்று நான்கு இழைகளை மட்டும் குத்தி, தட்டின் ஓரத்துக்குக் கொண்டுவந்து சுற்ற வேண்டும். நடுவிலிருந்து சுற்றினால் பாதிப் பாஸ்தாவும் கூடவே வந்துவிடும். இழைப் பாஸ்தா பெரியவர்களுக்குச் சிரமமாக இருக்கும் என்றால் பென்னே, ரிகடோனி போன்ற குழல் வகைகளைக் கேளுங்கள். பல் வலுவற்றவர்களுக்கு நியோக்கியும் பொலெண்டாவும் இதமானவை.

பாஸ்தாவையும் ரிசோட்டோவையும் "வேகவில்லை" என்று திருப்பி அனுப்புவது நம்மிடையே அடிக்கடி நடக்கிறது. ரிசோட்டோ நம் வெண்பொங்கலைப் போலக் குழைந்து உட்காரக் கூடாது. தட்டை அசைத்தால் மெல்லப் பரவ வேண்டும், அதே சமயம் ஒவ்வோர் அரிசியின் நடுவிலும் பல்லுக்குச் சிறிது எதிர்ப்பு இருக்க வேண்டும். அந்தப் பதத்தில்தான் சமைத்துத் தருகிறார்கள். முதன்முறை அப்படியே உண்டு பாருங்கள், பிடிக்காவிட்டால் அடுத்த முறை சற்று அதிகம் வேகவைக்கச் சொல்லலாம், அது உங்கள் உரிமை. மேசையில் மிளகாய்த் தூளும் ஓரிகானோவும் வைத்திருந்தால், ருசி பார்ப்பதற்கு முன்பே எல்லாவற்றின் மேலும் தூவிவிடாதீர்கள். காரம் வேண்டுமென்றால் காய்ந்த மிளகாய் போட்ட அராபியாட்டா சாஸ் இருக்கிறது.

குடிப்பதற்கு, ஒயின் இல்லாத இடத்தில் சர்க்கரைப் பாகு ஊற்றிய மாக்டெயில்களைவிட உப்பு போட்ட லைம் சோடா நன்றாகப் பொருந்தும். சீஸின் கொழுப்பை அது நாக்கிலிருந்து கழுவிவிடும். உணவு முடிந்ததும் இத்தாலியர்கள் குடிப்பது எஸ்பிரெஸ்ஸோ. பால் சேர்த்த கப்புச்சினோ அவர்களுக்குக் காலை நேரத்துப் பானம். ஃபில்டர் காபி பழகிய நமக்கு வெறும் எஸ்பிரெஸ்ஸோ கடுமையாகத் தோன்றினால், வெனிலா ஜெலாட்டோ என்னும் இத்தாலிய ஐஸ்கிரீமின் மேல் சூடான எஸ்பிரெஸ்ஸோவை ஊற்றித் தரும் அஃபொகாட்டோவைக் கேளுங்கள். இரண்டு பேருக்கு ஒன்றே போதும்.

பில்லும் பார்சலும்

பட்டியலில் உள்ள விலை பெரும்பாலும் வரி நீங்கலானது. தனி உணவகங்களில் ஜிஎஸ்டி 5 விழுக்காடு. ஒரு நாள் அறை வாடகை ரூ.7,500-ஐத் தாண்டும் விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களில் 18 விழுக்காடு. ரூ.3,000-க்கு உண்டால் முதல் இடத்தில் வரி ரூ.150, இரண்டாவது இடத்தில் ரூ.540. சேவைக் கட்டணம் என்று ஒரு தொகை பில்லில் இருந்தால் அது அரசு வரி இல்லை. அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. நீக்கித் தரும்படி கேட்கலாம், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் முறையிடலாம். அந்தக் கட்டணத்தை நீக்கச் சொல்பவர்கள், நன்றாகக் கவனித்துக்கொண்ட தம்பியின் கையில் தாங்கள் விரும்பியதை நேராகக் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்பது என் எண்ணம்.

மிஞ்சியதைப் பார்சல் கேட்கத் தயங்காதீர்கள். ஆனால் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வருவதில் பயனில்லை. புராட்டாவும் பொரித்த கணவாயும் வீடு வந்து சேர்வதற்குள் கெட்டுவிடும் அல்லது சுவை போய்விடும். ஃபோகாச்சாவும் பீட்சாவும் மறுநாள் தோசைக்கல்லில் எண்ணெய் விடாமல் மூடிபோட்டுச் சுட்டால் மொறுமொறுப்பாக வரும். கபோனாட்டா மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். ரிசோட்டோவைச் சென்னை வெயிலில் வெளியே வைத்திருக்காமல் வீட்டுக்கு வந்ததும் குளிர்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். மறுநாள் அது இறுகியிருக்கும். எலுமிச்சை அளவு உருட்டி, நடுவில் ஒரு துண்டு மொசரெல்லா வைத்து மூடி, கரைத்த மைதாவில் தோய்த்து, ரொட்டித் தூளில் புரட்டி, நடுத்தரச் சூட்டில் பொன்னிறமாகப் பொரித்தெடுத்தால் மாலைச் சிற்றுண்டிக்கு வீட்டிலேயே அரஞ்சினி தயார்.